செம்பனைக்கு நடுவே ஒரு பள்ளி

மலேசியாவின் சிற்றூர்களை ஒட்டிய தோட்டப்புறங்களில் இன்றும் சில தமிழ்ப்பள்ளிகளைக் காணலாம். சுற்றிலும் செம்பனை மரங்கள். நடுவே சிறு திடல், கொடிக்கம்பம், நான்கைந்து வகுப்பறைகள். சில பள்ளிகளில், மணி அடித்ததும் வரிசையில் நிற்பவர்கள் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள். “பள்ளி சரியில்லை போலும்; அதனால்தான் பிள்ளைகள் வரவில்லை” என்று பார்ப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். உண்மை வேறு.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. தோட்டங்களில் பள்ளிகள் பெருகின. தரம் ஒன்றும் உயர்ந்ததாக இல்லை. சில இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர்! ஆனாலும், வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் வேலை தேடிப் பட்டணம் போயின. பள்ளிக் கட்டடம் மட்டும் அதே இடத்தில் நின்றது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் கணினியும் வந்து சேர்ந்தபோது, படிக்கப் பிள்ளைகள் இல்லை.

150 பேருக்கும் குறைவானோர் படிக்கும் பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்கிறது. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் படிப்பதுண்டு. ஆசிரியர் ஒரு பக்கம் முதலாம் ஆண்டுக்கு எழுத்துக் கூட்டக் கற்பிப்பார். மறுபக்கம் திரும்பி இரண்டாம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லித் தருவார். யாருக்கு எது வரவில்லை என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். பெரிய வகுப்பில் இது நடக்காது. ஆனால், ஆறாம் ஆண்டில் ஒரே ஒரு மாணவி இருந்தால் எப்போதும் அவளே முதல், அவளே கடைசியும். கால்பந்துக் குழுவுக்குப் பதினொருவர் சேரமாட்டார்கள். விவாதம் செய்யவும் எதிரணி வேண்டுமே! பெற்றோர் தயங்குவதில் நியாயம் உண்டு.

மக்கள் வாழும் இடத்துக்கே பள்ளியைக் கொண்டுபோவது ஒரு வழி. உரிமத்தோடு வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறிய தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அதற்கு நிலம் வேண்டும், நிதி வேண்டும்; ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை காத்திருக்க முடியுமா? பட்டணத்துப் பெற்றோர் வீட்டுக்கு அருகிலுள்ள வேறு பள்ளியில் பதிந்துவிடுகிறார்கள்.

ஆகவே, சில பள்ளிகள் வேன் ஏற்பாடு செய்கின்றன. பொழுது விடியும் முன்பே பட்டணத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அது தோட்டத்துக்கு வருகிறது. தாத்தா நடந்து வந்து படித்த பள்ளிக்குப் பேரன் வேனில் வருகிறான். கட்டணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொள்ளும் இடங்களும் உண்டு.