மூன்று நிமிட அமைதி

1912 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு, அட்லாண்டிக் பெருங்கடலில் 'கலிபோர்னியன்' என்னும் கப்பல் பனிக்கட்டிகளிடையே நின்றுவிட்டது. அதன் கம்பியில்லாத் தந்தியாளர் அச்செய்தியை அண்மையில் வந்துகொண்டிருந்த 'டைட்டானிக்' கப்பலுக்கு அறிவிக்க முற்பட்டார். டைட்டானிக்கின் தந்தியாளர் பிலிப்சோ, அவ்வேளையில் கேப் ரேஸ் என்னும் தொலைவான கரைநிலையத்தோடு தொடர்பு கொண்டிருந்தார். முன்னர்க் கருவி பழுதுற்றமையால், பயணிகளின் செய்திகள் குவிந்து கிடந்தன. ஓர் அலைவரிசையில் இருவர் ஒருங்கே ஒலித்தால், மெல்லொலி வல்லொலியில் அமிழ்ந்துபோம். ஆதலின் சினங்கொண்ட அவர், இடையே புகாது வாளாவிருக்குமாறு விடையிறுத்தார். அவரைக் குறை கூறுதல் எளிது. முறை செவ்வனே வகுக்கப்படாத பொதுவழியில் வேறென்ன நிகழும்? மற்றவர் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதன் அபயக்குறிப்பைக் கலிபோர்னியனில் கேட்பார் எவருமிலர். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். பிலிப்சும் அவருள் ஒருவர்.

பிற்காலத்தில் உலக நாடுகள் கூடி, கடலோர்க்குப் பொதுவான 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு முறை வகுத்தன. ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 முதல் 18 நிமிடம் வரையும், 45 முதல் 48 நிமிடம் வரையும் எக்கப்பலும் தன் செய்தியை அனுப்பலாகாது. இடருற்றோர் குரலுக்கே அந்நேரம் உரியது. தந்தியறைக் கடிகாரங்களின் முகத்தில் அவ்விரு பகுதிகளும் செந்நிறம் தீட்டப்பெற்றிருந்தன. தந்திமுறை வழக்கொழியும் வரை, முள் அந்நிறத்தைத் தொட்டதும் தந்தியாளர்கள் விசையினின்று கையை எடுத்துச் செவிகூர்ந்து அமர்ந்திருந்தனர்.