செக்கிங் மேசையில் எலும்புக்கூடு

மங்கலம். சோமனூர் ரோட்டிலிருந்து பிரியும் சந்து. ஒரு பக்கம் தறிக்குடோன். எதிரே பனியன் கம்பெனி. பெயர்ப்பலகை கிடையாது. கேட்டில் ஓர் அட்டை: டெய்லர், செக்கிங் ஆட்கள் தேவை. மழை பட்டு மற்ற எழுத்தெல்லாம் ஊறிப் போயிருக்கிறது. 'தேவை' மட்டும் தெளிவாக இருக்கிறது.

ஆடி மாதம். சனிக்கிழமை. டியூப்லைட்டுக்குக் கீழே நீள மேசை. மேசைமேல் கறுப்பு டீ-ஷர்ட்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கான அளவு. நெஞ்சில் வெள்ளை எலும்புக்கூடு. அக்டோபர் 31 இரவு அமெரிக்காவில் பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்பார்கள். அவர்களுக்கான பேய்கள் இப்போதே கப்பல் ஏற வேண்டும்.

மூன்று பெண்கள் நின்றபடி வேலை பார்க்கிறார்கள். பீஸை விரிக்கிறார்கள். விரல் கழுத்தெலும்பில் தொடங்குகிறது. விலா. முதுகுத்தண்டு. இடுப்பு. திருப்பு. மடி. அடுத்தது.

"அக்கா, இவனுக்கு ஒரு விலா பத்தலீங்க."

"ஸ்டிக்கர் ஒட்டி அக்கட்ட போடு."

சிவப்பு ஸ்டிக்கர். விலா குறைந்தவன் தனி அடுக்குக்குப் போகிறான்.

மூலையில் ஓர் அட்டைப்பெட்டி. எலும்பு இருட்டில் ஒளிர வேண்டும் என்பது ஆர்டர். பகலில் இருட்டுக்கு எங்கே போவது? சூப்பர்வைசர் பீஸைப் பெட்டிக்குள் விடுகிறார். கூடவே தன் தலையையும் விடுகிறார். பெட்டிக்குள்ளிருந்து குரல் வருகிறது. "ஓகே."

தண்ணீர்ப் பாட்டிலில் சாய்ந்து நிற்கிறது ஒரு கைப்பேசி. உடுக்கைச் சத்தம். அண்ணன்மார் சாமி கதை. பொன்னரும் சங்கரும் மாண்டு கிடக்கிறார்கள். தங்கை தங்காள் படுகளத்தில் பிணங்களுக்கு நடுவே தேடிக்கொண்டு வருகிறாள். யாரும் திரையைப் பார்ப்பதில்லை. ஒப்பாரி தொடங்கியதும் ஆறு கைகளின் வேகம் சற்றுக் குறைகிறது. வீட்டுமனை விளம்பரம் குறுக்கே வருகிறது. கைகள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன.

கதை கொங்கு நாட்டுக்குச் சொந்தம். 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் இதை இரவு இரவாக டேப்பில் பதிந்தார். 2011-ல் சினிமாவாக வந்தது. இன்று தண்ணீர்ப் பாட்டிலில் சாய்ந்திருக்கிறது.

மாசி மாதம் மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் அண்ணன்மாருக்குத் திருவிழா. அங்கே ஒரு சடங்கின் பெயர் படுகளம் விழுவது. அருள் வந்தவர்கள் சாய்கிறார்கள். அசைவில்லை. வரிசையாகக் கிடத்துகிறார்கள். சுற்றி நின்று பெண்கள் அழுகிறார்கள். தீர்த்தம் தெளிக்கிறார்கள். கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுகிறார்கள். மண்ணைத் தட்டுகிறார்கள். திருநீறு வாங்குகிறார்கள். சிலர் நேராக டீக்கடைக்குப் போகிறார்கள்.

ஞாயிறு. மெஷின்கள் மேல் துணி போர்த்தியிருக்கிறது. கட்டிங் டேபிள் காலி. அதைச் சுற்றி நான்கு கல்லூரிப் பையன்கள். ஒருவன் கம்பெனிக்காரர் மகன். மேசையில் ஜெராக்ஸ் கட்டு, பென்சில், முறுக்கு, இருபது முகப் பகடை. எலும்புக்கூடுகளுக்குப் பதில் சட்டைப் பட்டன்கள். ஆறு பட்டன்.

விளையாட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்தது. அதன் அண்டத்தில் உயிரூட்டும் ஆற்றலுக்கு ஓர் உலகம் உண்டு. அதற்கு நேர் எதிரான ஆற்றலுக்கும் ஓர் உலகம் உண்டு. செத்தது எழுந்து நடந்தால் இரண்டாவது உலகத்தின் வேலை. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் எலும்புக்கூடு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. புத்தியே இல்லாததற்குப் பாவம் ஏது என்ற கணக்கு. 2003 திருத்தத்தில் அது தீயதாகிவிட்டது. இடைப்பட்ட மூன்று வருடத்தில் எலும்புக்கூடு எதுவும் செய்யவில்லை.

பையன்கள் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. மகனின் பாத்திரம் ஒரு பூசாரி. சுடுகாட்டில் ஆறு பேரை எழுப்பியிருக்கிறான். மாவுமில் ஓட்ட ஆள் வேண்டுமாம்.

"பாவம்டா" என்கிறான் கண்ணாடி போட்டவன். ஜெராக்ஸைப் புரட்டுகிறான். இறந்தவர்களை எழுப்புவது நற்செயல் ஆகாது என்று அச்சில் இருக்கிறது. விரலை அங்கேயே வைத்துக்கொள்கிறான்.

"நான் யாரையும் கொல்லலையே. செத்துக் கிடந்தவங்கதானே?"

பின்னால் கம்பெனிக்காரர் நிற்கிறார். கையில் டெலிவரி நோட்டு. பட்டன்களைப் பார்க்கிறார்.

"வேதாளமாடா?"

"வேதாளம் பேசுமுங்ப்பா. இது பேசாது. உயிரோட இருந்தப்ப தெரிஞ்ச பாஷை எல்லாம் புரியும். பேச வராது."

"சாப்பாடு?"

"வேண்டாமுங்ப்பா."

"தூக்கம்?"

"அதுவும் வேண்டாம். களைப்பே கிடையாது."

நோட்டை மூடுகிறார். ஒரு பட்டனை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டுகிறார்.

"எத்தனை பேரை எழுப்பலாம்?"

பையன்கள் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். பட்டனை இருந்த இடத்திலேயே வைக்கிறார்.

வெளியே ஹாரன். லோடு வேன். துணி பேல்களுக்கு நடுவே ஒருவன் படுத்திருக்கிறான். பீகார்க்காரன். எதிர்த் தறிக்குடோனில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவன். தலையோடு கால் வெள்ளை வேஸ்ட் துணி. கம்பெனிக்காரர் குனிந்து தோளைத் தொடுகிறார். துணி விலகுகிறது. எழுந்து உட்காருகிறான்.

"நாலு பெட்டி. பார்த்து ஏத்து."

தலையாட்டுகிறான். செருப்பைக் காலால் தேடி மாட்டுகிறான். முதல் பெட்டி தோளுக்கு ஏறுகிறது. பெட்டியின் பக்கத்தில் சின்ன மண்டையோடு, வாங்கும் கம்பெனியின் பெயர், எடை.

மேசையில் ஆட்டம் நிற்கவில்லை. கண்ணாடிக்காரன் பிடிவாதக்காரன். "எழுப்பறது தப்பா, எழுப்பி மில்லுல விடறது தப்பா?" மூன்றாமவன் அண்ணன்மாரை இழுக்கிறான். அவன் வீட்டில் அது குலசாமி. தங்காளும்தான் செத்தவர்களை எழுப்பினாள், அது மட்டும் புண்ணியமா? முறுக்குக் கடிக்கும் சத்தம். "அவ பேசறதுக்கு எழுப்பினா. பேசி முடிச்சாங்க, போயிட்டாங்க" என்கிறான் நான்காமவன். இதுவரை அவன் வாய் திறக்கவில்லை.

ஜெராக்ஸில் தங்காள் இல்லை. எல்லோரும் மறுபடி ஜெராக்ஸுக்கே திரும்புகிறார்கள்.

இரண்டாவது பெட்டி. மூன்றாவது. வேன் டிரைவர் பீடி பற்றவைக்கிறான்.

விளையாட்டில் ஒரு நாள் கழிகிறது. ஆட்டம் நடத்துபவன் விதியைச் சத்தமாகப் படிக்கிறான். எழுப்பியவனின் சொல்லுக்கு எலும்புக்கூடு கட்டுப்படுவது 24 மணி நேரம். அது முடிவதற்குள் மந்திரத்தை மறுபடி சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் நான்கு கூடுகள் வரை கட்டுப்படும். மகன் தன் தாளைப் பார்க்கிறான். மந்திரம் ஒரு தடவைக்குத்தான் மிச்சம்.

நான்கு பட்டன் மில்லில் இருக்கிறது. இரண்டு பட்டன் வேலையை நிறுத்திவிட்டது.