சாராயம் போட்டதும் போடாததும்: ஒரு நத்தார் ட்ரஃபிள் கணக்கு

நத்தார் நெருங்கினால் எங்கட ஊர்க் குசினிகளில் ஒரு வேடிக்கை நடக்கும். குடியைப் பற்றி வாயே திறக்காத வீட்டுக்குள்ளும், கேக்குக்குப் பிளம்ஸ் ஊறப்போட ஒரு பிரண்டிப் போத்தல் எங்கிருந்தோ வந்து சேரும். யார் வாங்கினது, மிச்சம் எங்கே போனது என்று ஒருவரும் கேட்பதில்லை. ரவை, கஜு, பூசணித் தோசி, இஞ்சித் தோசி, பேரீச்சம்பழம் எல்லாவற்றோடும் அது சேர்ந்து மணந்து, மினுங்குற பேப்பரில் சுற்றப்பட்டு, நத்தார் கொண்டாடாத வீடுகளுக்கும் தட்டில் போகும். "உள்ளுக்க என்ன போட்டிருக்கு?" எண்டு ஆரும் கேட்டா, "அது எசென்ஸ்" எண்டு பதில் வரும்.

இந்த முறை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கேக்குக்குப் பதிலாக ட்ரஃபிள் செய்தோம். எங்களில் இரண்டு பேர் கத்தோலிக்கர், இரண்டு பேர் சைவம், ஒருவர் முஸ்லிம். கேக்கில் ஒளித்து வைக்கக்கூடிய விஷயத்தை ட்ரஃபிளில் ஒளிக்க ஏலாது. அதனால்தான் இந்தச் சின்ன உருண்டை எங்களை இவ்வளவு கதைக்க வைத்தது.

ட்ரஃபிள் என்பது மண்ணுக்குள் விளையும் ஒரு விலையுயர்ந்த காளானின் பெயர். கொக்கோத் தூளில் உருட்டின சொக்லேட் உருண்டை, மண் ஒட்டின அந்தக் காளான் மாதிரி இருப்பதால் அதே பெயர் வந்தது. சூடான கிறீமில் சொக்லேட்டை உருக்கி, ஆறவைத்து, உருட்டினால் சரி. அவன் வேண்டாம், பீட்டர் வேண்டாம், முட்டை வேண்டாம். பிறிட்ஜ் ஒன்று இருந்தால் காணும். மேல்நாட்டுச் செய்முறைகளில் இதற்குள் லிக்கூர் விடச் சொல்லியிருக்கும். லிக்கூர் என்றால் பழத்தோலோ கோப்பியோ வாசனைப் பொருளோ ஊறவைத்து, சீனி சேர்த்து இனிப்பாக்கின மது. இங்கே அந்த இறக்குமதிப் போத்தல் ஒன்றின் விலைக்கு, எங்கள் ஐந்து பேருக்கும் நத்தார் உடுப்பே எடுக்கலாம்.

அப்போதுதான் ஒருத்தி கேட்டாள்: "ஊறவைச்சு இனிப்பாக்கிறதுதானே வேலை? பனஞ்சாராயத்தில செய்தா என்ன?"

செய்யலாம். 100 மில்லி பனஞ்சாராயத்துக்கு 30 கிராம் பனங்கட்டி, மூன்று ஏலக்காய், ஒரு தோடம்பழத்தின் தோல். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கைக்கும், அதைச் சீவிவிட வேண்டும். எல்லாவற்றையும் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக்கி மூடி, ஒரு கிழமை வெயில் படாமல் வைத்து, இடைக்கிடை குலுக்கி, பிறகு வடித்தெடுத்தோம். மண்ணிறத்தில், தோடம்பழ மணத்தோடு வந்தது. முறைப்படி பார்த்தால் அதுவும் லிக்கூர்தான்.

சாராயத்தை வாங்குவதுதான் முதல் வில்லங்கம். எங்களில் மூன்று பேர் பெண்கள். 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, பெண்களுக்கு மதுபானம் விற்பதற்கு 1979ஆம் ஆண்டிலிருந்து இருந்த தடையை நீக்கினார். ஒரு கிழமை போகவில்லை, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முடிவைத் திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டார். அந்த நேரம் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், செய்தியைக் கேட்டுச் சிரித்தது ஞாபகம். இப்போது சிரிப்பு வரவில்லை. சட்டம் எப்படியோ, எங்கட சந்தியில் இருக்கும் மதுக்கடை வாசலில் ஒரு பெட்டை போய் நின்றால், அவள் வீட்டுக்குத் திரும்ப முதலே செய்தி வீட்டுக்குப் போய்விடும். கடைசியில் எங்களோடு இருந்த பெடியன்தான் போய் ஒரு கால் போத்தல் வாங்கி வந்தான். 21 வயது தாண்டியவனா என்றுகூட அவனை ஒருவரும் கேட்கவில்லை. கேக்குக்குப் பிரண்டி போட்டு ஊருக்கே கொடுக்கிற அம்மாமார், அந்தப் போத்தலைத் தங்கட கையால் ஒருநாளும் கடையில் வாங்கினதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இரண்டாவது வில்லங்கம் அதைவிடப் பாரமானது. எங்களில் ஒருத்தியின் வீட்டைக் குடி தின்றிருக்கிறது. அவளுடைய அப்பா வெறியில் வருகிற நாட்களில் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினவள் அவள். செய்வோம் என்று முடிவெடுக்க முதலே அவளிடம் கேட்டோம். "உனக்கு ஏலாதெண்டா விடுவம். கோப்பி போட்டும் செய்யலாம்." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செய்யுங்கோ. ஆனா நான் அளக்கிறன்" என்றாள்.

அளந்தாள். மருந்துக் குடுவையின் மூடி ஒன்றை எடுத்து, கோட்டுக்குச் சரியாக விட்டு, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். 30 மில்லி. "இவ்வளவுதானா?" என்றாள். அவளுடைய வீட்டில் சாராயத்தை ஒருவரும் அளந்து அவள் கண்டதில்லை. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், பிறகு கொக்கோ அரிக்கத் தொடங்கினாள். கணக்கையும் அவளே போட்டாள். பனஞ்சாராயத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். பனங்கட்டி சேர்ந்தபின் இன்னும் குறையும். 30 மில்லிக்குள் இருப்பது 10 மில்லிக்கும் குறைவு. அதை 30 உருண்டைக்குப் பிரித்தால், ஒரு உருண்டைக்கு மூன்றிலொரு மில்லிகூட வராது.

அவ்வளவு கொஞ்சமென்றால் ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்று கேட்கலாம். எங்கட முஸ்லிம் தோழியிடம் நாங்களும் அதைத்தான் கேட்டோம். அவள் சொன்னது: "'ஒரு சொட்டுத்தானே, சூட்டில ஆவியாப் போயிடும்' எண்டு சொல்லித்தான் எனக்குக் கேக் தந்திருக்கினம். ஒரு சொட்டா, பத்துச் சொட்டா எண்டது என்ர பிரச்சினை இல்லை. முடிவெடுக்க வேண்டியது நான். அதை எனக்குத் தெரியாம வேற ஆக்கள் எடுக்கினம்."

ஆவியாகிப் போகும் என்பதும் முழு உண்மை இல்லை. அடுப்பில் வேகும் கேக்கிலேயே மதுசாரம் முழுக்கப் போய்விடாது. வெந்தபின் மேலால் ஊற்றினால் அப்படியே இருக்கும். ட்ரஃபிளிலோ, கலவை ஆறினபிறகுதான் சாராயமே விடுகிறோம். விட்டது விட்டபடி உள்ளே இருக்கும்.

ஆகவே இரண்டு தட்டுச் செய்தோம். சாராயம் இல்லாத தட்டை முதலில் செய்தோம், அதுவும் புதுச் சட்டியில், புதுக் கரண்டியால். கடையில் விற்கும் வனிலா எசென்ஸ் பலவற்றில் மதுசாரம் உண்டு, அதனால் அதையும் விட்டோம். 100 மில்லி கட்டியான முதல் தேங்காய்ப்பாலில் 40 கிராம் பனங்கட்டியைக் கரைத்து, ஒரு தேக்கரண்டி இஞ்சிச்சாறு விட்டு, ஒரு கொதி வர இறக்கினோம். 250 கிராம் கறுப்புச் சொக்லேட்டைப் பொடியாக வெட்டி வைத்திருந்தோம். பாலை அதன்மேல் வடித்து, இரண்டு நிமிஷம் தொடாமல் விட்டு, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் கிண்டினோம். சிட்டிகை உப்பு.

சாராயத் தட்டுக்கும் அதே 250 கிராம் சொக்லேட். தேங்காய்ப்பாலுக்குப் பதில் 100 மில்லி கிறீம், 25 கிராம் பட்டர். கிறீம் சட்டி ஓரத்தில் நுரைக்கத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். கலவை கைச்சூட்டுக்கு வந்தபின், அளந்து வைத்த 30 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டினோம். ஒரேயடியாக ஊற்றினால் எண்ணெய் பிரியும். பிரிந்தாலும் பயப்பட வேண்டாம், ஒரு கரண்டி இளஞ்சூட்டுப் பால் விட்டுக் கிண்ட ஒன்றுசேரும்.

சொக்லேட் வாங்கும்போது பின்பக்கத்தை வாசியுங்கோ. கொக்கோ பட்டர் உள்ளதையே எடுங்கோ. வேறு தாவர எண்ணெய் போட்டுச் செய்த கட்டிகள் மலிவு, ஆனால் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். கொக்கோ பட்டர் ஏறத்தாழ 34 பாகையில் உருகும், எங்கட உடம்புச் சூடு 37. அதனால்தான் நல்ல சொக்லேட் நாக்கில் வைத்தவுடன் கரைகிறது. அதே காரணத்தால் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் இந்த வேலைக்கு இறங்காதீர்கள். மார்கழி மாரிதான் தோது. மாரியில் வேறொரு தொல்லை உண்டு: ஈரக்காற்றுக்குக் கொக்கோத் தூள் கசிந்துவிடும். கொடுக்க முதல் இன்னொருமுறை உருட்ட வேண்டும். இன்னுமொன்று, சொக்லேட்டைத் தனியே உருக்கினால் ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் அது மணல்மணலாகக் கட்டிபடும். பாத்திரம், கரண்டி, கை எல்லாம் காய்ந்திருக்க வேண்டும்.

நாலு மணித்தியாலம் பிறிட்ஜில் வைத்து, தேக்கரண்டியால் கிள்ளி உருட்டினோம். சாராயம் போட்டது கொக்கோத் தூளில், போடாதது வறுத்த தேங்காய்ப்பூவில். எது எதென்று கண்ணுக்கே தெரியும். தேங்காய்ப்பால் உருண்டையை மூன்று நாலு நாளுக்குள் முடிக்க வேண்டும், மற்றது பிறிட்ஜில் ஒரு கிழமைக்கு மேல் இருக்கும்.

உருட்டும்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். இரண்டு தட்டும் ஒரே மரத்திலிருந்து வந்தவை. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிப் பனையிலிருந்து இறக்கினால் கருப்பநீர், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாமல் விட்டால் தானே புளித்துக் கள்ளு, அதை வடித்தால் சாராயம். வடமராட்சியில் திக்கம் வடிசாலை அதற்கென்றே இருக்கிறது. வித்தியாசம் ஒரு பூச்சுச் சுண்ணாம்பில் இருக்கிறது. இரண்டுக்கும் மரம் ஏறுகிறவர் ஒருவரே. கள்ளைக் குடித்துவிட்டு, அதை இறக்குகிறவரைச் சாதி சொல்லி முற்றத்தோடு நிறுத்தின ஊர் எங்கட ஊர். அதையும் சொல்லாமல் பனையைப் பற்றிப் பெருமை பேச எங்களுக்கு விருப்பமில்லை.

பெட்டிக்கு லேபல் எழுதும்போது இது திரும்ப வந்தது. பனையோலைப் பெட்டிகள் வாங்கி, ஒன்றில் "பனங்கட்டி, இஞ்சி, தேங்காய்ப்பால். சாராயம் இல்லை" என்றும், மற்றதில் "பனஞ்சாராயம் சேர்ந்தது. பெரியாக்களுக்கு மட்டும்" என்றும் எழுதினோம். குசினியைத் தந்த மாமி எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தா.

"ஏன் பிள்ளையள், 'லிக்கூர் சொக்லேட்' எண்டு எழுதுங்கோவன். நத்தார் நேரம் சாராயம் எண்டு எழுதிக் குடுக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

"மாமி, உங்கட கேக்கில பிரண்டி எவ்வளவு?"

"அது பிரண்டியடா, சாராயமே?"

எல்லாரும் சிரித்தோம், மாமியும் சேர்ந்துதான். ஆனால் அந்தப் பதிலுக்குள் நிறைய இருக்கிறது. வெளிநாட்டுப் பெயர் வைத்த போத்தல் பண்டிகைக்கு உரியது, பனையிலிருந்து வந்தது தவறணைக்கு உரியது. ஒன்று மரியாதை, மற்றது வெட்கம். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே மதுசாரம். வீட்டை உடைக்கிறதும் அதே மதுசாரம்தான், அது என்ன பெயரில் வந்தாலும். பெயரை மாற்றுவதால் ஒன்றும் குறைவதில்லை, கதைக்காமல் இருப்பதுதான் கூடுகிறது.

நாங்கள் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. எங்கட தோழியின் வீட்டைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். குடிக்காதே என்று பிரசங்கம் வைக்கவும் வரவில்லை. எங்களுக்குப் பிடிபட்டது ஒரு சின்ன விஷயம்: ஒரு இனிப்பைக் கொடுக்கிறதெண்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சாப்பிடுகிறவர் முஸ்லிமாக இருக்கலாம், விரதமாக இருக்கலாம், மருந்து எடுக்கிறவராக இருக்கலாம். பத்து மாதமாகக் குடியை விட்டுத் தாக்குப்பிடிக்கிற ஒருவராகவும் இருக்கலாம், அவர் அதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். வேண்டாம் என்றவருக்கு வெறுந்தட்டு நீட்டாமல், அதே கைப்பக்குவத்தில் செய்த இன்னொரு உருண்டையும் வேண்டும். அதனால்தான் இரண்டு தட்டு.

லேபலில் எழுதினதை மாற்றவில்லை. தேங்காய்ப்பூப் பெட்டிதான் முதலில் முடிந்தது. சின்னப் பிள்ளைகளும் அம்மம்மாமாரும் அதைத்தான் எடுத்தார்கள். மாமி இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்தா. அளந்த தோழி சாராயம் போட்டதில் ஒன்றும் சாப்பிடவில்லை, ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை. போத்தலில் மிஞ்சினதில் மாமி வருகிற நத்தார் கேக்குக்குப் பிளம்ஸ் ஊறப்போட்டிருக்கிறா. அந்தப் போத்தலுக்கும் ஒரு லேபல் ஒட்டிவிட்டோம். இந்த முறை மாமி ஒன்றும் சொல்லவில்லை.