அம்மா வேண்டிக்கிட்டாங்க... மகள் நடந்தாங்க! - தாம்பரம் டு வேளாங்கண்ணி, 300 கிலோமீட்டர்

ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் இரவு நேரத்தில் ஜி.எஸ்.டி சாலையில் பயணித்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் சாலையோரமாக காவி உடையில் ஒரு கூட்டம் நடந்து போகும். முன்னால் சீரியல் பல்புகள் மின்னும் சின்னத் தேர். காவியைப் பார்த்துவிட்டு முருக பக்தர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. தேருக்குள் இருக்கும் மாதா சுரூபத்தையும், கழுத்துகளில் தொங்கும் ஜெபமாலையையும் பார்த்த பிறகுதான் தெரியும், இது வேளாங்கண்ணி பாதயாத்திரை.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 29-ம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8-ம் தேதி, மாதாவின் பிறந்தநாள் அன்று திருவிழா நிறைவடையும். கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்றால், தாம்பரத்திலிருந்து 10 நாள்களுக்கு முன்பே கிளம்ப வேண்டும். சுமார் 300 கிலோமீட்டர். இவ்வளவுக்கும் தாம்பரத்தில் இரவு ரயில் ஏறினால், மறுநாள் காலை நாகப்பட்டினத்தில் இறங்கிவிடலாம்.

"ரயில்ல போனா ஒரு ராத்திரிதானே, எதுக்கு 11 நாள் லீவு?"

2024 ஆகஸ்டில், தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 31 வயதுப் பெண்ணிடம் அவருடைய மேலாளர் கேட்ட கேள்வி இது. அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அம்மாவோட வேண்டுதல் சார்" என்று மட்டும் சொன்னார். லீவு கிடைத்தது. ஆனால், அந்தப் பதில் முழுதாகச் சரியில்லை என்று அவருக்கே தெரியும்.

22 வருடக் கடன்

2002-ல் அவருக்கு 9 வயது. மூளைக்காய்ச்சல் வந்து 17 நாள்கள் மருத்துவமனையில் கிடந்தார். "பிழைச்சு எழுந்துட்டா, செருப்பில்லாம வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன் மாதாவே" என்று அம்மா வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது. நடைதான் தள்ளிக்கொண்டே போனது.

முதல் இரண்டு வருடங்கள் மகளைத் தனியாக விட்டுப் போக மனமில்லை. 2005-ல் கட்டாயம் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தபோது, 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணியில் கூடியிருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்புறம் அப்பாவின் மரணம், படிப்புச் செலவு, தம்பியின் கல்யாணம். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் திருவிழாவே பக்தர்கள் இல்லாமல் நடந்தது. எல்லாம் ஓய்ந்து, "இந்த வருஷம் போயே ஆகணும்" என்று அம்மா கிளம்பியபோது முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. மாடிப்படி ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டும் என்ற நிலை.

"கடன் வெச்சுட்டுச் சாகப்போறேன்" என்று அம்மா புலம்ப ஆரம்பித்தார். ராத்திரித் தூக்கம் போனது. மகள் அவரைப் பங்குத் தந்தையிடம் அழைத்துப் போனார்.

சட்டம் என்ன சொல்கிறது?

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பில் வேண்டுதல்களுக்கென்றே சில விதிகள் இருக்கின்றன. பலருக்கு இது தெரியாது. 1193-வது விதி, நேர்ந்துகொண்டவரை மட்டுமே அந்த நேர்ச்சை கட்டுப்படுத்தும் என்கிறது. அம்மா நேர்ந்துகொண்டது மகளையோ, பேரனையோ கட்டுப்படுத்தாது. தகுந்த காரணம் இருந்தால், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து ஒருவரை விடுவிக்கும் அதிகாரம் பங்குத் தந்தைக்கே உண்டு என்கிறது 1196-வது விதி. வேறு நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

பங்குத் தந்தை இதைத்தான் பொறுமையாக விளக்கினார். "பெசன்ட் நகர் கோயிலுக்கு ஒரு நாள் போய் ஜெபிச்சுட்டு வாங்கம்மா. போதும்" என்றார். 1972-ல் கட்டப்பட்ட பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்திலும் இதே நாள்களில்தான் திருவிழா. நாகை வரை போக முடியாத சென்னைவாசிகளுக்கு அதுதான் வேளாங்கண்ணி. தாம்பரத்திலிருந்து ஆட்டோவிலேயே போய்விடலாம்.

அம்மா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், "ஃபாதர் சொல்லிட்டார்... ஆனா, மாதாகிட்ட நான்தானே சொன்னேன்" என்றார். அன்று இரவுதான் மகள் சொன்னார், "நான் போயிட்டு வர்றேம்மா."

"உனக்கு அந்தக் கடமை இல்லைன்னு ஃபாதர் சொன்னாரே?"

"அதான் போறேன். கடமைன்னா யோசிச்சிருப்பேன்."

மோர் விற்ற சிறுவனின் கால்கள்

வேளாங்கண்ணியின் பாரம்பர்யக் கதைகள் மூன்று. பால் கொண்டுபோன சிறுவனுக்குக் குளக்கரையில் மாதா காட்சி தந்தது ஒன்று. புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வருவது, நடுத்திட்டில் மோர் விற்ற சிறுவனின் கதை. பிறவியிலேயே அவனுக்குக் கால் ஊனம். நடக்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்து மோர் விற்றுக்கொண்டிருந்தவனிடம், குழந்தையோடு வந்த ஒரு தாய் மோர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். நாகப்பட்டினத்தில் இருக்கும் ஒரு செல்வந்தரிடம் போய்த் தனக்கு ஓர் ஆலயம் எழுப்பச் சொல்லும்படி அவனிடம் சொன்னார். 'நான் எப்படிப் போவேன்?' என்று நினைத்தவன் எழுந்து நின்றான். பிறகு, நாகப்பட்டினம் வரை ஓடியே போனான் என்கிறது கதை.

அதாவது, இன்று பக்தர்கள் நடக்கும் வழியின் கடைசி 12 கிலோமீட்டர், அந்தச் சிறுவன் எதிர்த்திசையில் ஓடிய வழி. வேளாங்கண்ணிக்குப் போவதற்கு நடையைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். கால் கிடைத்ததற்கான நன்றியைக் காலால்தானே சொல்ல முடியும்?

பகலில் தூக்கம், இரவில் நடை

ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. அன்பியத்துப் பெண்கள், இளைஞர்கள் என 40 பேர் கிளம்பினார்கள். குழுவில் இந்துக்கள் ஐந்து பேர். அதில் ஒருவருக்கு இது ஒன்பதாவது நடை.

கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு. பாலாற்றுப் பாலம் தாண்டி மதுராந்தகம். மேல்மருவத்தூருக்கு அடுத்து அச்சிறுப்பாக்கத்தில் மழைமலை மாதா அருள்தலம். திண்டிவனத்தில் பிரிந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம். கொள்ளிடத்தைக் கடந்து சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். ஒரே நடையில் புதுச்சேரி மாநிலத்துக்குள் இரண்டு முறை நுழைந்து வெளியே வர வேண்டும்.

அதிகாலை 3 மணிக்கு ஆரம்பித்தால் 9 மணி வரை நடை. வெயில் ஏறினால் தார்ச்சாலையில் கால் வைக்க முடியாது. கோயில் வளாகம், பள்ளித் தாழ்வாரம், மரத்தடி என்று எங்காவது படுத்துவிட்டு, மாலை 5 மணிக்கு மறுபடி கிளம்பினால் இரவு 10 வரை. ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர். பரனூர் சுங்கச்சாவடியில் கார்கள் வரிசையில் நிற்க, இவர்கள் ஓரமாக நடந்து போனபோது, "நமக்கு மட்டும் ஃப்ரீ" என்று யாரோ சொல்ல, மொத்தக் கூட்டமும் சிரித்தது. முதல் நாள் என்பதால் சிரிக்கத் தெம்பு இருந்தது.

மூன்றாம் நாள் சிரிப்பில்லை. அச்சிறுப்பாக்கம் தாண்டியதும் இடது பாதத்தில் கொப்புளம் உடைந்தது. ஒன்பது முறை நடந்த அக்கா, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினார். பிறகு, தன் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம்க்கா. செருப்பில்லாமன்னுதான் வேண்டுதல்."

"சீழ் பிடிச்சா பாதியில பஸ் ஏத்திவிட்டுருவோம். எது வேணும்னு நீயே முடிவு பண்ணு."

செருப்பைப் போட்டுக்கொண்டார். அன்று மாலை அம்மா போன் செய்து "கால் எப்படிடி இருக்கு?" என்றபோது, "நல்லா இருக்கும்மா" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

கொப்புளத்தைவிடப் பெண்களுக்குப் பெரிய சிரமம் கழிவறை. பெட்ரோல் பங்க் எங்கே வரும் என்று கணக்கு வைத்தே தண்ணீர் குடித்தார்கள். தண்ணீரைக் குறைத்ததால் இரண்டு பேருக்கு மயக்கம் வந்தது. ஐந்தாம் நாள் மாதவிடாய் ஆரம்பித்தபோது, விலகி நிற்க வேண்டுமோ என்று தயங்கி அம்மாவிடமே கேட்டார். "மாதாவும் பொம்பளைதானே, அவங்களுக்குத் தெரியாதா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அம்மா.

இன்னொரு பயம், வண்டிகள். பாதயாத்திரை போனவர்கள் மீது வாகனம் மோதிய செய்திகளை நாளிதழ்களில் அவ்வப்போது பார்க்கிறோம். விடியற்காலை 4 மணிக்கு நடப்பவருக்கும் கண் சொக்கும், லாரி ஓட்டுபவருக்கும் கண் சொக்கும். அதனால் இந்தக் குழுவில் சில கட்டாய விதிகள் இருந்தன. எல்லோர் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர், கடைசி ஆள் கையில் சிவப்பு விளக்கு, இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நடக்கக் கூடாது, காதில் இயர்போன் கூடாது.

முத்திரை இல்லாத பயணம்

உலகப் புகழ்பெற்ற கிறிஸ்தவ நடைப்பயணம் ஸ்பெயினில் இருக்கிறது. நம்மூரில் சந்தியாகப்பர் என்று அழைக்கப்படும் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரத்துக்கான 'கமினோ' நடை அது. பிரான்ஸ் எல்லையிலிருந்து கிளம்பினால் சுமார் 800 கிலோமீட்டர். வழியெங்கும் மஞ்சள் அம்புக்குறிகள், யாத்ரிகர்களுக்கென்றே மலிவான விடுதிகள், ஊருக்கு ஊர் முத்திரை குத்திக்கொள்ள ஒரு கையேடு. கடைசி 100 கிலோமீட்டராவது நடந்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை வாங்குகிறார்கள்.

வேளாங்கண்ணி நடையில் அம்புக்குறியும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால், சாலையோரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். திண்டிவனம் தாண்டி, ஒரு டீக்கடைக்காரர் 40 பேருக்கும் டீ கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். "என் பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க, போதும்" என்றார். நெற்றியில் திருநீறு இருந்தது. நாகூரில் ஒரு பாய் வீட்டு வாசலில் பெரிய அண்டாவில் மோர் வைத்திருந்தார்கள். தர்காவும், சிக்கல் முருகன் கோயிலும், வேளாங்கண்ணியும் அருகருகே இருக்கும் பகுதி அது. யார் எங்கே நடந்து போனாலும் தண்ணீர் கொடுப்பது அங்கே வழக்கம்.

முதல் சில நாள்கள் அந்தப் பெண்ணுக்கு யாரிடமும் எதையும் வாங்கக் கூச்சமாக இருந்தது. சம்பாதிக்கிறோம், காசு இருக்கிறது, எதற்கு இலவசம் என்ற எண்ணம். சிதம்பரத்தை நெருங்கியபோது அந்தக் கூச்சம் போய்விட்டது. நீட்டிய கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா இருங்க" என்று சொல்லப் பழகியிருந்தார். கூடவே ஒரு பட்டியலும் வளர்ந்திருந்தது. டீக்கடைக்காரருக்கு ஒரு மெழுகுவத்தி, கடலூரில் பிள்ளை வரம் கேட்ட பெண்ணுக்கு ஒன்று, மகன் குடியை விட வேண்டும் என்று அழுத பாட்டிக்கு ஒன்று. அம்மாவுக்காகக் கிளம்பியவர், இப்போது 14 பேருக்காக நடந்துகொண்டிருந்தார். மேலாளரின் கேள்விக்கான பதில் அங்கேதான் கிடைத்தது. ரயிலில் போயிருந்தால், இந்த 14 பேரையும் பார்த்திருக்கவே முடியாது.

"உன் கால் வேற, என் கால் வேற!"

ஆகஸ்ட் 28 மாலை, தூரத்தில் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்தன. "மரியே வாழ்க!" என்ற குரல் முன்னாலிருந்து பின்வரிசை வரை வந்தது. குழுவில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

அன்று காலையே ரயிலில் வந்து இறங்கியிருந்த அம்மா, தம்பியின் கையைப் பிடித்தபடி காத்திருந்தார். மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்த்தார். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு.

"மூணாவது நாள்லேருந்து போட்டுட்டேம்மா. உன் வேண்டுதல் பாதிதான் நிறைவேறுச்சு."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார், "செருப்பில்லாம வர்றேன்னு நான் சொன்னது என் காலை. உன் காலைத்தானே நான் கேட்டு வாங்கினேன்... அதைப் புண்ணாக்கிட்டு வர்றதா வேண்டிக்குவேன்?"

பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் பலரும் முழந்தாளிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அம்மாவால் முழந்தாளிட முடியாது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதையின் ஓரமாக மெதுவாக நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்றார். குளம்வரை போய்ச் சேர நெடுநேரம் ஆனது. அதன் பிறகு, 14 மெழுகுவத்திகளையும் மகள் எண்ணி எடுத்துக் கொடுக்க, அம்மா ஒவ்வொன்றாக ஏற்றினார். பெயர் தெரியாதவர்களுக்கு ஊர் பெயரைச் சொன்னார்கள்.

மறுநாள் கொடியேற்றம் பார்த்துவிட்டு, மூவரும் ரயிலில் தாம்பரம் திரும்பினார்கள். வீக்கம் வற்றும்வரை அந்தப் பெண் அதே ரப்பர் செருப்போடுதான் அலுவலகம் போனார். இப்போதெல்லாம் அம்மா நன்றாகத் தூங்குகிறார்.