777 என்ற குறுக்கு வழி

ஞாயிறு இரவு 11.40. நாக்பூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடம். மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்தான் கல்லூரியின் சர்வர். திங்கள் காலை 9 மணிக்கு முதலாண்டு மாணவர்கள் தங்கள் விடைத்தாள்களைப் படமெடுத்து அதற்கு அனுப்ப வேண்டும். அதற்காக மூடுல் என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவ உட்கார்ந்த விரிவுரையாளருக்குத் திரையில் கிடைப்பது ஒரே பதில்: 'அனுமதி மறுக்கப்பட்டது.'

இந்த நோய்க்கு ஊரறிந்த கைவைத்தியம் ஒன்று உண்டு. 777. யூனிக்ஸ் கணக்கில் படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. உரிமையாளர், அவர் குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்புக்கும் 7 கொடுத்தால் யாரும் எதையும் செய்யலாம். பெரும்பாலும் பிழையும் உடனே மறைந்துவிடும். கோளாறே அதுதான்.

அவர் அதை ஒருமுறை செய்து பார்த்தவர். சில ஆண்டுகளுக்கு முன், வாடகை சர்வரில் இருந்த கல்லூரியின் இணையதளத்துக்கு 777 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். இரண்டு மாதம் கழித்து அட்மிஷன் பக்கத்தில் மாத்திரை விளம்பரம். அதே சர்வரில் குடியிருந்த வேறொரு தளத்துக்குள் புகுந்த யாரோ, திறந்து கிடந்த இவர் ஃபோல்டரிலும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பிரின்சிபாலுக்கு அவர் கொடுத்த விளக்கக் கடிதம் இன்னும் அலுவலக ஃபைலில் இருக்கிறது.

ஆகவே இன்றிரவு விரல் அந்த எண்ணைத் தேடிப் போனாலும் அவர் அடிக்கவில்லை. கேட்பது யார் என்று முதலில் பார்க்கிறார். உபுண்டுவில் அப்பாச்சி சர்வர் அவர் பெயரில் இயங்குவதில்லை. 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா' என்ற தனிப் பெயரில் இயங்குகிறது. அந்தப் பெயருக்கு மூடுலின் புரோகிராம்களைப் படிக்க முடிந்தால் போதும். மாணவர் ஃபைல்கள் சேரும் டேட்டா ஃபோல்டரில்தான் எழுதவும் வேண்டும். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அதன் பெயருக்கு மாற்றி, 770 கொடுக்கிறார்.

மறுபடியும் மறுப்பு.

மணி 12.30. இந்த இடத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். அனுமதி இல்லை என்று சொல்லும் கம்ப்யூட்டர், எந்தக் கதவில் இல்லை என்று சொல்வதில்லை. 'நேம்ஐ' என்ற சிறு கட்டளை அதைச் சொல்லும். ஃபைல் வரையிலான பாதையில் ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். அடித்துப் பார்த்தால், அவர் டேட்டா ஃபோல்டரைத் தன் ஹோம் டைரக்டரிக்குள் வைத்திருக்கிறார். 2021ல் வந்த உபுண்டு 21.04 முதல் புதிய பயனாளரின் ஹோம் டைரக்டரிக்கு 750தான்; வெளியாருக்கு நுழைவே கிடையாது. ஃபோல்டரைப் பொறுத்தவரை 'இயக்கும்' உரிமை என்பது அதைக் கடந்து போகும் உரிமை. பீரோ சாவி கையில் இருந்தென்ன, வாசற்கதவு பூட்டியிருந்தால்?

உள் ஃபோல்டருக்கு 777 கொடுத்திருந்தாலும் பலித்திருக்காது. ஆத்திரத்தில் ஹோம் டைரக்டரிக்கே கொடுத்திருந்தால் இன்னும் வேடிக்கை: பிறர் எழுதக்கூடிய ஹோம் டைரக்டரியில் உள்ள சாவியை எஸ்எஸ்எச் வழக்கமாக நம்பாது. ஊருக்கெல்லாம் திறந்துவிட்டு அவர் மட்டும் வெளியே நின்றிருப்பார். (ரெட் ஹாட் வகை சர்வரானால் எஸ்இலினக்ஸ் என்ற இரண்டாவது காவலாளி வேறு. எண்களெல்லாம் சரியாக இருந்தாலும் மறுப்பார்.)

ஃபோல்டரை 'வார்' டைரக்டரிக்கு மாற்றி, மூடுலுக்குப் புதிய முகவரியைச் சொன்னதும் 1.25க்கு வேலை முடிகிறது. கிளம்பும் முன் கான்ஃபிக் ஃபைலைத் திறக்கிறார். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில் வெளிப்படையாக இருக்கிறது. அதற்கு 640.

காலை 9.50க்கு முதல் விடைத்தாள் வந்து சேர்ந்தது. படம் தலைகீழாக இருந்தது.