அமராவதிக் காசும் சாய்வொளியும்

கரூரில் அமராவதி வற்றும் மாதங்களில் ஆற்றுக்குள் இறங்கி மணல் அரிப்பது பழைய தொழில். தேடுவது பொன்துகள், காசு அதனுடன் வருவது. அகன்ற தட்டில் மணலை அள்ளி நீரில் சுழற்றினால் இலேசானது வழிந்துபோகும், கனமானது அடியில் நிற்கும். ஒரு கன சென்டிமீட்டர் மணல்துகளின் எடை ஏறத்தாழ 2.65 கிராம். செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, பொன் 19.3. அதனால் பொன் தங்கும் தட்டில் காசும் தங்கிவிடுகிறது. சொல்வதற்கு இது எளிது. குனிந்த முதுகோடு நாளெல்லாம் அரிக்கும்போது கை சற்று வேகப்பட்டாலும் பொன்துகள் நீரோடு போய்விடும். அந்த நிதானம் பல ஆண்டுப் பழக்கத்தில்தான் வரும்.

சேரரின் வஞ்சி கரூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அருகிலுள்ள புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேரரின் இரும்பொறை மரபினரின் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் வெட்டப்பட்டுள்ளன. வில்லும் அம்பும் பொறித்த சேரர் காசுகள், ரோமானிய வெள்ளிக் காசுகள், தேய்ந்துபோன சிறு ரோமானியச் செப்புக் காசுகள் எல்லாம் இந்த ஆற்றுப்படுகையில் கிடைத்தவை. கிரேக்க நகரங்களின் காசுகளும் உண்டு.

இவற்றுக்கு வரலாற்றில் இடம் பெற்றுத் தந்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர், பிழைப்புக்கு வேறு தொழில் செய்த ஒருவர். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021) நாளிதழ் வேலைக்கு நடுவே வாழ்நாள் முழுவதும் காசு சேர்த்தார். 1980களின் நடுவில் அவர் வெளிக்கொணர்ந்த சதுரச் செப்புக் காசில் ஒருபுறம் குதிரையும் தமிழ்ப் பிராமியில் ‘பெருவழுதி’ என்ற பெயரும், மறுபுறம் கோட்டுருவ மீனும் இருந்தன. சங்க காலத்துப் பாண்டியர் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது நேர்ச் சான்று. பின்னர் கரூரில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் ரோமானியப் பாணியில் ஒரு தலையுருவமும் ‘மாக்கோதை’ என்ற சேரர் பெயரும் தெரிந்தன. இதுபோன்ற காசுகள் பெரும்பாலும் பழைய உலோகம் வாங்குவோர், காசு வியாபாரிகள் ஆகியோர் வழியாகவே சேகரிப்பாளரிடம் வந்தன. அந்தக் கடைகளில் தேடிப் பார்க்க ஆள் இல்லாத காலத்தில் உருக்கும் உலைக்குப் போனவற்றுக்குக் கணக்கே கிடையாது.

அரித்தெடுத்தவர் காசை நேராக அரசிடம் கொடுக்காதது ஏன்? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் தருவது, அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். இரண்டு கிராம் செம்புக்கு உலோக மதிப்பு என்ன வரும்? சில ரூபாய். அதே காசில் நான்கு எழுத்து படிக்க முடிந்தால் சந்தையில் அதன் விலையே வேறு. இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர் வாழ்கிறார். ஆற்றில் நின்றவருக்கு எடைக்கணக்கில் கூலி, கடையில் அமர்ந்தவருக்கு எழுத்துக்கணக்கில் லாபம் என்ற ஏற்பாடு அநியாயமானது. காசு எந்தத் துறையில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பதும் அந்த முதல் கைமாற்றத்திலேயே அழிந்துபோகிறது. நான்கு ஊர்க் காசுகளை ஒரே பையில் போட்டு, நல்ல விலை போகும் ஊரின் பெயரைச் சொல்லி விற்பதை ஆய்வாளர் யாராலும் பின்னர் திருத்த முடியாது.

அடுத்த கேடு துப்புரவு. புளி, எலுமிச்சை, அமிலம் என்று தேய்த்துச் செம்பைப் பளபளப்பாக்கினால், நூற்றாண்டுகளாகப் படிந்த காப்புப் படலத்தோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, உருப்பெருக்கியின் கீழ் மரக்குச்சியால் மண்ணை நீக்குவதே பொறுமையான முறை.

இதன்பிறகு வருவது கேமரா. காசு சேர்ப்பவர் பலர் படமெடுக்கவும் கற்றுக்கொள்வது தற்செயலன்று. விரல் நகத்தளவுள்ள காசில் பிராமி எழுத்தை வெறுங்கண்ணால் படிப்பது கடினம். முற்காலத்து நாணயப் பட்டியல்களில் காசை நேராகப் படமெடுக்காமல் அதன் பிளாஸ்டர் வார்ப்பைப் படமெடுத்து அச்சிட்டார்கள். பளபளப்பும் கறையும் இல்லாத வெண்மையில் உருவம் மட்டும் தெளிவாக விழும் என்பதே காரணம்.

இன்று காசையே படமெடுக்கிறார்கள். மேக்ரோ லென்ஸ் பொருத்திய கேமராவைக் காசுக்கு நேர்மேலே, இரண்டும் இணைதளமாக இருக்கும்படி நிறுத்துவார்கள். காசைச் சிறு தாங்கியின் மேல் உயர்த்தி வைத்தால் பின்புலம் மங்கி நிழல் விழாது. பொருளின் அளவிலேயே உரு பதியும் நெருக்கத்தில், எஃப் 8 என்று வைத்த துவாரம் எஃப் 16 போலவே செயல்படும்; அதற்கு மேல் சுருக்கினால் ஒளி விலகிப் பரவி விளிம்புகள் மழுங்கும்.

ஆனாலும் கேமராவைவிட விளக்கே முக்கியம். நேர்மேலிருந்து விழும் ஒளியில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும். விளக்கைத் தாழ்த்தி, காசின் பரப்போடு பத்து, பதினைந்து பாகைச் சாய்வில் ஒளி வருடிச் செல்லும்படி வைத்தால் மிகத் தாழ்ந்த கோடும் நிழல் எறியும். ஒளிக்கு இணையாக ஓடும் கோட்டுக்கு நிழல் இராது. எனவே ஒரு திசையில் மட்டும் விளக்கை வைத்துப் படித்தால் ‘வ’வின் காலோ ‘ழு’வின் வளைவோ காணாமல் போகும். விளக்கை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்துப் அருகருகே வைத்துப் படிப்பதே நேர்மையான வாசிப்பு. வெளியிடும் படத்தில் மட்டும் ஒளி மேல் இடப்புறத்திலிருந்து வரவேண்டும். கண் மேலிருந்து வரும் ஒளிக்கே பழகியது. கீழிருந்து ஒளி விழுந்த படத்தில் மேடு பள்ளமாகவும் குதிரை குழியாகவும் தோன்றும். 2001இல் கணினி ஆய்வாளர் டாம் மால்ஸ்பெண்டர் வெளியிட்ட முறை இந்த விளக்கு நகர்த்தலைக் கணினிக்குள் கொண்டுவந்தது. பல திசை ஒளியில் எடுத்த படங்களைச் சேர்த்தால், காசைத் தொடாமலே திரையில் ஒளியைத் திருப்பிப் பார்க்கலாம்.

படத்தோடு அளவுகோல், எடை, விட்டம், இருபக்க அச்சுகளின் திசை, கிடைத்த இடம், நாள் ஆகியவை சேர்ந்தால்தான் அது ஆவணம். சேகரிப்பாளர் பெயர் எப்போதும் அச்சாகிறது. அரித்தெடுத்தவர் விரும்பினால் அவர் பெயரும் அச்சாக வேண்டும்; காசு கிடைத்த ஆற்றுத்துறையை அறிந்த ஒரே சாட்சி அவர்.

படமெடுத்த காசைப் பி.வி.சி. உறையில் வைக்கக்கூடாது, அது கசியவிடும் வேதிப்பொருள் செம்பைப் பச்சையாக்கும். ஈயக் காசுக்கு மரப்பெட்டி ஆகாது, மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். செம்பில் வெளிர்பச்சைத் தூள் கிளம்பினால் அது குளோரைடு நோய். அக்காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். அமிலமற்ற காகித உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் பெரிய செலவில்லாதவை.