கீழக்கரையில் ஒரு பகற்பொழுது

ஓர் ஊரை நூலில் அறிவது வேறு. அவ்வூரின் மண்ணில் நின்று அறிவது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்க்குப் பலமுறை எடுத்துரைத்தவன் நான். ஆயினும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பதினெட்டு ஆண்டுகள் பாடம் நடத்திய பின்னரும், அக்காப்பியம் உருவாகத் துணைநின்ற வள்ளல் சீதக்காதி வாழ்ந்த கீழக்கரையை ஒருமுறையேனும் கண்டதில்லை. கடந்த கோடை விடுமுறையில்தான் அக்குறை நீங்கியது. அது நீங்கிய அதே நாளில், அதனினும் பெரிய குறையொன்று என்னிடத்தே இருப்பதும் புலனாயிற்று. அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

உறவினர் இல்லத் திருமணத்திற்காக உம்மாவுடன் இராமநாதபுரம் சென்றிருந்தேன். நிக்காஹ் முடிந்த மறுநாள் கீழக்கரைக்குச் சென்றுவர எண்ணினேன். உம்மாவுக்கு அகவை எழுபத்து மூன்று. மூட்டுவலியால் பேருந்துப் படிகளில் ஏற இயலாது. "நீ போய்ப் பார்த்துட்டு வா வாப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார்கள். உடன் அழைத்துச் செல்ல வேண்டுமாயின் வாடகைக் கார்தான் வழி. கிலோமீட்டர் கணக்கோடு காத்திருப்புக்குத் தனிக் கட்டணமா, அல்லது நாள் வாடகையா என்று ஓட்டுநர் கேட்டார். நான் மனக்கணக்குப் போட்டுக் கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: "மணிக்கணக்குப் பேசினா நீங்க ஊரைப் பார்க்க மாட்டீங்க சார், கடிகாரத்தைத்தான் பார்ப்பீங்க." அவ்வொரு சொல்லுக்காகவே நாள் வாடகைக்கு இசைந்தேன்.

இராமநாதபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கீழக்கரை. இருமருங்கிலும் பனையும் சீமைக்கருவேலமும். நீர் வற்றி வெடித்த கண்மாய்கள். இடைவழியில் திருப்புல்லாணி. திருமங்கையாழ்வார் பாடிய ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோவில் அங்குள்ளது. ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினார். கிழவன் சேதுபதியின் அவைக்கும் கீழக்கரைத் துறைக்கும் இடையே சீதக்காதி எத்தனை முறை சென்றுவந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே அமர்ந்திருந்தேன். ஷெய்கு அப்துல் காதிர் என்னும் அரபுப் பெயரைத் தமிழ் நா சீதக்காதி ஆக்கிக்கொண்டது. அவ்வாறு ஆக்கிக்கொண்ட பின்னர் அப்பெயர் பழமொழியிலும் ஏறிவிட்டது.

ஊருக்குள் நுழைந்ததும் காருக்கு வேலை குறைந்தது. நெருங்கிய வீடுகள், குறுகிய சந்துகள், உயர்ந்த மதில்கள். பள்ளிவாசல் இருக்கும் தெருவில் ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினார் ஓட்டுநர். உம்மாவை வண்டியிலேயே இருக்கச் செய்து நான் மட்டும் உள்ளே சென்றேன்.

சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் போற்றப்படும் ஜும்ஆப் பள்ளிவாசல் அது. கருங்கல் தூண்கள், தமிழகக் கற்றச்சர்களின் கைவண்ணம். கோவில் மண்டபத் தூண்களின் அமைப்பே இங்கும் உள்ளது. உருவங்கள் மட்டும் இல்லை. அவற்றின் இடத்தில் பூக்களும் கொடிகளும் அமைந்துள்ளன. தன் கைப்பழக்கத்தை விடாமலே மற்றொரு மார்க்கத்தின் நெறிக்கு இடங்கொடுத்த அச்சிற்பியை எண்ணி வியந்தேன். வள்ளலின் அடக்கத்தலத்தின் முன் நின்று ஃபாத்திஹா ஓதினேன். சீறாப்புராணம் முற்றுப்பெறும் முன்னரே சீதக்காதி மறைந்தார். பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரிக்க, 5027 பாடல்களைக் கொண்ட காப்பியமாக அது நமக்குக் கிடைத்தது. வகுப்பில் ஆண்டுதோறும் கூறும் செய்திதான். அவ்விடத்தில் நின்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

வெளியே வந்தபோது வண்டியில் உம்மா இல்லை. எதிர்வீட்டுப் பெண்மணி, "வெயில்ல ஏன் மாமி உட்கார்ந்திருக்கீங்க?" என்று கூறி உள்ளே அழைத்துச் சென்றுவிட்டதாக ஓட்டுநர் தெரிவித்தார். திண்ணையில் அவ்வீட்டுப் பெரியவர் எங்கள் இருவரையும் அமரச்செய்து தேநீர் தந்தார். இளமையிலேயே கொழும்புக்கு வணிகம் செய்யச் சென்று, முதுமையில் ஊர் திரும்பியவர் அவர். நான் தமிழ் விரிவுரையாளன் என்றறிந்ததும் சற்றுத் தயங்கிவிட்டு, உள்ளேயிருந்து வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு மூட்டையைக் கொண்டுவந்தார்.

"என் பாட்டியார் ஓதிய கிதாபுகள். அரபுத்தமிழ். வீட்டிலே படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. தாள்கள் உதிர்கின்றன. அல்லாஹ்வின் பெயரும் ரசூலின் பெயரும் உள்ள தாள்கள் காலில் மிதிபடக் கூடாதல்லவா? வரும் வெள்ளிக்கிழமை படகில் எடுத்துச்சென்று கடலில் விட்டுவிடலாமென்று கட்டி வைத்திருக்கிறோம்" என்றார்.

மூட்டையை அவிழ்த்து, மேலே இருந்த நூலைக் கையில் எடுத்தேன். முகப்புத் தாள்கள் போய்விட்டிருந்தன. குர்ஆன் ஓதக் கற்றவனாதலால் எழுத்துகள் அறிமுகமானவையே. ஆனால் கூட்டிப் படிக்க இயலவில்லை. அரபியில் இல்லாத தமிழொலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அமைத்த எழுத்துகள் இடைக்கிடையே வந்து வழிமறித்தன. இரண்டு சொற்களைத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டேன்.

திண்ணையோரத்தில் அமர்ந்திருந்த ஓட்டுநர் ஆவலோடு கேட்டார்: "தமிழ்தானே சார்? என்ன எழுதியிருக்கு?"

அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு இசுலாமியத் தமிழ் இலக்கியத்தை ஆராய்ந்தவன் நான். அவ்வேட்டில் அரபுத்தமிழுக்கு அரைப்பக்கம் ஒதுக்கி, 'இவ்வழக்கு இன்று முற்றிலும் ஒழிந்துவிட்டது' என்று முடித்தவனும் நானே. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வாழ்ந்து, அரபியிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் இயற்றிய ஊரில், ஒரு தமிழ் நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தறியாதவனாக அமர்ந்திருந்தேன்.

அப்போது வாசல் நிலையருகே வந்து நின்ற உம்மா, "இங்கே கொடு வாப்பா" என்று கை நீட்டினார்கள். மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, முதலில் மெல்லவும் பின்னர்ச் சீரான ஓசையோடும் படிக்கத் தொடங்கினார்கள். அது ஒளுவின் முறையைக் கூறும் பகுதி. ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுச் செய்யும்போது நீரை வீணாக்குதல் ஆகாது என்னும் கருத்து, எளிய தமிழில், பக்கத்திலிருந்து ஒருவர் சொல்வது போல வந்து விழுந்தது. வழியெல்லாம் வெடித்த கண்மாய்களைப் பார்த்து வந்த ஓட்டுநர், "எங்க ஜில்லாவுக்குன்னே எழுதியிருக்கார் போலிருக்கே அம்மா!" என்றார். அனைவரும் சிரித்தோம். பெரியவரின் கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. தம் பாட்டியார் படிக்கும் ஓசை இதுவேதான் என்றார்.

என் உம்மா பள்ளிக்கூடம் சென்றவரல்லர். வங்கியில் கைநாட்டு வைப்பவர். எத்தனையோ விண்ணப்பப் படிவங்களில் 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று என் கையால் நிரப்பியிருக்கின்றேன். பிற்பகல்களில் அவர்கள் பழைய நூலொன்றை விரித்து ஓதக் கேட்டதுண்டு. அரபு எழுத்தைக் கண்டமையால் அது துஆ கிதாபு என்றே எண்ணினேன். அருகில் சென்று செவிசாய்த்திருந்தால் அது தமிழென்று தெரிந்திருக்கும். நான் சாய்க்கவில்லை.

"ஏன் உம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீ கேட்கலையே வாப்பா. உன்னுடையது பெரிய படிப்பு. இது பொம்பளைங்க படிப்புதானே" என்றார்கள். குரலில் குறை சொல்லும் தொனி சிறிதுமில்லை. அதனாலேயே அது என்னை அதிகம் சுட்டது.

சிறுவயதில், தெருவில் ஓதிக்கொடுத்த ஒரு மூதாட்டியிடம் குர்ஆனோடு சேர்த்து இதனையும் கற்றார்களாம். பள்ளிக்கூடத்து வாயில் திறவாத காலத்திலும், நம் பெண்மக்கள் தம் தாய்மொழியில் மார்க்கம் பயில இவ்வெழுத்து ஒரு வாயிலாக இருந்திருக்கின்றது. தமிழெழுத்து அறிந்தவர்கள் அரபியென்று ஒதுக்கினோம். அரபி கற்ற இளையோர் தமிழென்று கடந்து சென்றனர். இரண்டுக்கும் இடையே நின்ற பெருஞ்செல்வம் வெள்ளைத் துணியில் கட்டப்பட்டுக் கடலை நோக்கிக் காத்திருந்தது. அதனைக் கட்டியவர் மீது பிழையில்லை. அவர் மரியாதையோடுதான் கட்டினார். படிக்கக் கற்காத நம்மீதே பிழை.

உம்மா ஒவ்வொரு நூலாகப் புரட்டிப் பார்த்து அவற்றில் உள்ளவற்றைச் சொல்லச் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். பெரியவரின் இசைவோடு தாள்களைச் செல்பேசியில் படமும் எடுத்தேன். அந்திவரை அவ்வேலை நடந்தது. மூட்டையைத் திரும்பக் கட்டியபோது அவர், "இது இனி வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார்.

திரும்பும் முன் கடற்கரையில் சிறிதுநேரம் நின்றோம். முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற மன்னார் வளைகுடா அமைதியாகக் கிடந்தது. சங்கு எடுப்பவர்கள் மூச்சடக்கி மூழ்கி எடுப்பதைப் பற்றி ஓட்டுநர் உம்மாவிடம் விளக்கிக் கொண்டிருந்தார். கடலுக்குள் போகவிருந்த ஒன்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திய நிறைவு என் நெஞ்சில் இருந்தது. கார் அமர்த்தாமல் நான் மட்டும் பேருந்தில் வந்திருந்தால், தூண்களையும் அடக்கத்தலத்தையும் கண்டு, ஒரு கட்டுரைக்கான குறிப்புகளோடு திரும்பியிருப்பேன்; மூட்டை அந்த வெள்ளிக்கிழமையே கடலுக்குப் போயிருக்கும்.

இப்போது ஞாயிறுதோறும் லுஹருக்குப் பின் உம்மாவின் முன் அமர்ந்து அரபுத்தமிழ் பயில்கின்றேன். பிழையாகப் படித்தால் விரலால் சுட்டித் திருத்துகின்றார்கள். மூன்று மாதங்களில் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்கும் நிலைக்கு வந்துள்ளேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து அலமாரிகளிலும் இத்தகைய மூட்டைகள் இருக்கலாம். அவற்றைப் படிக்கவல்ல பாட்டியோ பெரியம்மாவோ அதே இல்லத்தில் இருக்கலாம். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள். நீங்களே சென்று கேளுங்கள். அவர்களின் பார்வை மங்குமுன் கேளுங்கள். கற்றவர் எவர், கல்லாதவர் எவர் என்பதை அதன் பின்னர் முடிவு செய்யலாம். எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கு அந்நல்லுணர்வைத் தந்தருள்வானாக!